கண்ணாடிப் பேரீச்சம்பழம்

ஸ்ரௌவ்வில்,
29 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸெய்னம்பு ராத்தாவுக்குத் தம்பி சுபியான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், அஃபீபா, மகள் ஸாரா மூவரும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீங்கள், மச்சான், மகன் இன்ஃபாஸ் எல்லோரும் எப்படி? காத்தான்குடியில் மழை தொடங்கிவிட்டதா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் எடுத்தால் "சுகம், வைக்கட்டா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த ஒரு சொல்லுக்கும் முழு வீடும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். லெபனானில் நீங்கள் வீட்டு வேலைக்கு நின்ற காலத்தில் தொடங்கிய கடிதப் பழக்கம் நமக்கு இன்னும் விடவில்லை. இந்த ஊரில் என்னைத் தவிர முத்திரை வாங்குகிறவன் யாரும் மிச்சம் இருக்கிறானோ தெரியாது.

என் பாடு பழைய பாடுதான். விடிய எழும்பி மிசிசாகாவுக்குக் கார் ஓட்டம், விமான நிலையச் சரக்குக் கூடத்தில் பெட்டி ஏற்றி இறக்கல், திரும்பக் கார் ஓட்டம். துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "என்னத்தத் தந்தாலும் உங்களுக்கு ஒரே முகமா?" என்று அஃபீபா கேட்கிறாள். வேறு முகம் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டேன்.

போன கிழமை அந்த முகமும் மாறியது. நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று என் கைப்பையில் நீங்கள் வைத்துவிட்ட கண்ணாடிப் பேரீச்சம்பழம் நினைவிருக்கும். பெருவிரலைவிடச் சற்று நீளம், மண்ணிறம், பழத்தின் சுருக்கம் அப்படியே, நுனியில் சின்னப் போத்தல் வாய். நோன்பு காலத்தில் அஃபீபா அதைப் பேரீச்சம்பழத் தட்டின் நடுவே அழகுக்கு வைப்பாள். வோபர்னிலிருந்து நோன்பு திறக்க வந்த ஒரு பெரியவர் பிஸ்மி சொல்லி அதைக் கடித்தும் இருக்கிறார். நல்ல காலம், பல்லும் தப்பியது, பழமும் தப்பியது.

ஸாரா பல்கலைக்கழக வகுப்போடு மியூசியத்துக்குப் போனாள். அங்கே காட்சிப் பெட்டிக்குள் அதே மாதிரிப் பழம் ஒன்று. ஓடிவந்து, "வாப்பா, எங்கட நோன்புப் பழம் ரோமன் கிளாஸ். சீரியஸ்லி!" என்றாள். ரோமர் காலத்தில், லெபனான், சிரியாக் கரையில், அச்சுக்குள் கண்ணாடியை ஊதி இப்படிச் செய்தார்களாம். உள்ளே வாசனை எண்ணெய் வைப்பார்களாம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷப் பழையது.

இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது ராத்தா? கடையில் வாங்கினீர்களா, வேலை செய்த வீட்டில் தந்தார்களா? விபரமாக எழுதுங்கள்.

மச்சானுக்கு என் சலாம். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
சுபியான்


காத்தான்குடி,
27 ஒக்டோபர் 2024

அன்புத் தம்பி சுபியானுக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து அல்ஹம்துலில்லாஹ். இங்கேயும் குறையில்லை.

மழை இன்னும் வலுக்கவில்லை. குசினிக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினோம். உன் மச்சானின் ஓட்டோவுக்கு ரயர் போட்டோம். இன்ஃபாஸ் படிக்கிறான் என்று சொல்கிறான். புத்தகம் திறந்திருக்கிறது, கண் போனில் இருக்கிறது. முழங்கால் அப்படியேதான். அங்கே குளிர் தொடங்கும். இடுப்புக்கு எண்ணெய் தடவாமல் பாரம் தூக்காதே. ஸாரா பெரிய படிப்புப் படிக்கிறாள் என்பது சந்தோஷம். மாமி கேட்டதாகச் சொல்.

அந்தப் பழம் வேண்டுமென்றால் யாருக்காவது கொடுத்துவிடு.

எல்லோருக்கும் துஆ.

அன்புடன் ராத்தா,
ஸெய்னம்பு


ஸ்ரௌவ்வில்,
10 நவம்பர் 2024

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறோம். எண்ணெய் தடவுகிறேன். சரக்குக் கூடம் முழுக்க என் வாசம்தான்.

நீங்கள் கொடுத்துவிடச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நானும் அதையே நினைத்தேன். ஸாராவும் நானும் பழத்தைப் பஞ்சில் பொதிந்து மியூசியத்துக்குக் கொண்டுபோனோம். மக்டலீன் என்று ஒரு அம்மா, பழைய கண்ணாடிக்குப் பொறுப்பானவர். கையுறை போட்டு, விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உண்மையானது, ஒரு கீறல்கூட இல்லை என்றார். பிறகு, மண்ணுக்குள் கிடந்த கண்ணாடியில் வானவில் போல ஒரு மினுக்கம் படியுமே, இதில் ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று கேட்டார். ஸாரா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அஃபீபா ஒரு நோன்புக்கு முதல் நாள் அதை வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவியவள். "அழுக்கென்டு நினைச்சன்" என்கிறாள் இன்றைக்கும். மக்டலீன் கண்ணை மூடி ஒருமுறை மூச்சு விட்டார். நல்ல பெண், ஏசவில்லை.

விற்க எனக்கு விருப்பமில்லை. மியூசியத்துக்கே கொடுத்துவிடுவோம். ஏற்றுக்கொண்டால் பக்கத்தில் ஒரு அட்டை வைப்பார்கள்: "மீராசாஹிபு ஸெய்னம்பு குடும்பத்தின் அன்பளிப்பு." வாப்பாவின் பெயரும் உங்கள் பெயரும் ராத்தா! இத்தனை வருஷம் இந்த நாட்டில் என் பெயரைச் சரியாகச் சொன்னவன் கிடையாது. நம் பெயர் ஒரு சுவரில் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசையாக இருக்கிறது. எனக்கு ஆசை வந்தே எவ்வளவு காலம்!

ஆனால் பழம் லெபனானிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதை உங்கள் கையால் எழுதித் தரவேண்டும். அது இல்லாமல் எடுக்கமாட்டார்கள். எழுதித் தந்தாலும், முதலில் லெபனானுக்கு எழுதிக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்பார்களாம். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்: "நான் வேலை செய்த வீட்டு அம்மா, என் நேர்மையான சேவையைப் பாராட்டி இதனை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார்." கீழே ஒரு கையெழுத்து வைத்து அனுப்பினால் காரியம் முடிந்தது. அதுவரை பழம் அவர்களிடம் பத்திரமாக இருக்கும்.

மச்சானுக்கும் மருமகனுக்கும் சலாம்.

தம்பி சுபியான்


ஸ்ரௌவ்வில்,
8 ஜனவரி 2025

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம்.

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நவம்பர் நடுவிலிருந்து இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பரில் முடிந்தது. என் கடிதம் எங்காவது சாக்குக்குள் கிடந்திருக்கும். அல்லது உங்களுடையது கிடக்கிறது. அந்த வாசகத்தை இன்னொரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாசலில் பனி. வழிக்கிறேன், திரும்பக் கொட்டுகிறது, திரும்ப வழிக்கிறேன். கோபம்கூட வருவதில்லை.

கையெழுத்து மட்டும் போதும் ராத்தா.

தம்பி சுபியான்


காத்தான்குடி,
9 பெப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம். இங்கே யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆ.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவது டிசம்பரிலேயே வந்துவிட்டது. வேலைநிறுத்தத்தைக் குறை சொல்லாதே.

மழை வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு மதில் விழுந்தது. இன்ஃபாஸுக்குச் சளி பிடித்து மாறிவிட்டது. நோன்பு வருகிறது. கஞ்சிக்கு அரிசி வறுத்து வைத்துவிட்டேன்.

நீ எழுதியனுப்பிய தாள் இரண்டையும் இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து வைக்கவில்லை. அன்பளிப்பு என்ற சொல் இல்லாமல் எழுத முடியாதா? முடியாவிட்டால் விட்டுவிடு. உலகத்தில் பேரீச்சம்பழத்துக்கா பஞ்சம்.

மச்சிக்கும் மகளுக்கும் சலாம்.

ராத்தா ஸெய்னம்பு


ஸ்ரௌவ்வில்,
16 மார்ச் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எல்லோருக்கும் நல்லபடி போகிறதா? இங்கே சுகம்தான். வேலை முடிந்து வரும் வழியில் நெடுஞ்சாலையில் வைத்தே நோன்பு திறக்கிறேன். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பழம். நிஜப் பழம்.

உங்கள் கடிதம் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அன்பளிப்பு என்ற சொல்லில் என்ன குற்றம்? வாங்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்றால், தந்ததுதானே? தந்தால் அன்பளிப்புத்தானே? நீங்கள் களவெடுக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு முருங்கைக்காய் நம் பக்கம் தொங்கினால்கூடப் பிடுங்கவிடாதவர் நீங்கள். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்? நான் கேட்பது ஒரு கையெழுத்து. சொத்தைக் கேட்கவில்லை.

ஸாரா உங்கள் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னாள், "வாப்பா, யூ ஆர் நொட் லிசனிங். மாமி பழத்தப் பத்திப் பேசல்ல. அந்த வீட்டுல என்ன நடந்தென்டு கேளுங்க." சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்று அதட்டிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க வேலையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகையால் கேட்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது ராத்தா?

தம்பி சுபியான்


காத்தான்குடி,
27 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம். பெருநாள் நல்லபடி போனது. எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆ.

கேட்டாய், எழுதுகிறேன். ஒருமுறைதான் எழுதுவேன். வாசித்துவிட்டுப் போன் எடுத்து அழாதே.

லெபனானின் தெற்கே சூர் என்ற கடற்கரைப் பட்டினம். நான்காம் மாடி வீடு. வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும் மட்டக்களப்பு தாண்டவன்வெளியைச் சேர்ந்த றெஜினாவும். வேதக்காரப் பிள்ளை, என்னைவிட இளையவள், நல்ல வாய்க்காரி. வீட்டுக்காரர் பழைய கண்ணாடி சேர்ப்பவர். வீட்டுக்குள், விருந்தினர் இருக்கும் சாலையில் ஒரு அலுமாரி முழுக்க அதுதான். நீலக் கிண்ணம், முகம் வைத்த குடுவை, திராட்சைக் குலை போல ஒரு போத்தல், மீன் செதிலாட்டம் மினுங்கும் தட்டு, உன்னிடம் வந்த பழம். தூசி தட்டுவது எங்கள் வேலை. தட்டும்போது பேசக்கூடாது என்பது மடத்தின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், சட்டம். றெஜினாவுக்கு அதுதான் பெரிய தண்டனை.

2006 சண்டையில் குண்டு விழத் தொடங்கியது. அவர்கள் காரில் மலைப்பக்கம் போனார்கள். காரில் எங்களுக்கு இடமில்லை. வீட்டிலிருந்த பெட்சீட், துவாய் எல்லாவற்றையும் மடம் எடுத்துப் போட்டு, கண்ணாடியை ஒவ்வொன்றாகச் சுற்றிக் குளியலறைத் தொட்டிக்குள் அடுக்கி, பக்கத்திலேயே இருக்கச் சொன்னா. எங்கள் பாஸ்போட் அவவிடம். கள்ளர் வருவார்கள் என்று கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். இரண்டு நாளில் வருவோம் என்றார்கள். வரவில்லை.

நாங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். கரண்ட் போனது. பைப்பில் தண்ணீர் நின்றது. சாப்பாடு முடிந்துகொண்டு வந்தது. எதிர்க் கட்டிடம் விழுந்த அன்று றெஜினா சொன்னாள், "ராத்தா, பெட்சீட்ட முடிஞ்சி நான் ரெண்டாம் மாடி பல்கனிக்கு இறங்குறன். ஆக்களக் கூட்டி வந்து கதவ உடைக்கிறன்." தொட்டியிலிருந்து இரண்டு பெட்சீட்டை அவிழ்த்தோம். நீளம் காணாது. இன்னும் கிடந்தன. எல்லாவற்றையும் அவிழ் என்றேன். அவள் தொட்டியைப் பார்த்தாள். "வேணாம் ராத்தா. ஒண்டு உடைஞ்சாலும் மடம் ஏசுவா. கால் எட்டும்" என்றாள்.

எட்டவில்லை.

கீழே ஆட்கள் வந்து வெள்ளை வேனில் ஏற்றினார்கள். முகத்தை மூடித்தான் ஏற்றினார்கள். நான் மேலே நின்று அவளுடைய பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். வாயில் தமிழ்தான் வந்தது. ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டினார். திரும்பக் குண்டுச் சத்தம் கேட்டது. வேன் போய்விட்டது. அதன்பிறகு சண்டை நிற்கும்வரை நான் தனியே இருந்தேன். தண்ணீர்த் தாங்கியின் அடியில் கிடந்த மிச்சமும் சீனியும் இருந்தன.

மடம் வந்து கதவைத் திறந்தா. நேரே குளியலறைக்குப் போய், நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாக அவிழ்த்தா. ஒன்றும் உடையவில்லை. அழுதுகொண்டு என்னைக் கட்டிப்பிடித்து, நீ என் மகள் என்றா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று நின்றது நின்றதுதான். கல்யாணத்திலும், இன்ஃபாஸ் பிறந்தபோதும், வாப்பா மவுத்தானபோதும், செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆட்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள்.

நீ கனடா போனபோது அந்தப் பழத்தை உனக்குத் தந்தது பாசத்தால் அல்ல. இந்த வீட்டில் அது இருக்கக்கூடாது என்றுதான். தூக்கி எறியவும் என்னால் முடியவில்லை.

மச்சிக்குச் சலாம். வினாகிரி போட்டுத் தேய்த்ததற்கு அவளை யாரும் ஏசவேண்டாம்.

ராத்தா ஸெய்னம்பு


ஸ்ரௌவ்வில்,
25 மே 2025

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்டு எழுதவே வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் அதைத்தான் கேட்டேன், நீங்களும் சுகம் என்றுதான் எழுதினீர்கள்.

உங்கள் கடிதத்தை மிசிசாகாவில் கார் நிறுத்துமிடத்தில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு உள்ளே போய் வேலை செய்தேன். கண்ணாடிச் சாமான் என்று ஒட்டிய பெட்டி ஒன்று வந்தது. மேலே எது, கீழே எது என்று பார்த்து மெதுவாகத்தான் இறக்கினேன். கை பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து அஃபீபாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் அழுதாள். ஸாரா அழுதாள். எனக்கு வரவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேனாம். அஃபீபா வந்து பைப்பை மூடினாள்.

மக்டலீனைப் போய்க் கண்டேன். என் ராத்தா எழுதித் தரமாட்டா, விட்டுவிடுவோம் என்றேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துப்போகலாம் என்றார். இன்னும் எடுக்கவில்லை. அதை இந்த வீட்டு மேசையில் இனி வைக்க என்னால் முடியாது.

அந்த மடம் பழத்தை உங்கள் கையில் எப்படித் தந்தா என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கமாட்டேன். சுவரில் எந்தப் பெயரும் வேண்டாம். உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

தம்பி சுபியான்


காத்தான்குடி,
22 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. இறைச்சி பங்கிட்டோம். முழங்கால் வலி இருக்கிறது. மற்றபடி எப்போதும்போல.

நீ கேட்கமாட்டேன் என்று எழுதியதை நாலைந்து தடவை வாசித்தேன். மக்டலீன் அம்மா எதையும் முதலில் லெபனானுக்கு எழுதிக் கேட்பார் என்று முன்னம் எழுதியிருந்தாய். அது என் மனதில் கிடந்தது. அதனால் ஒரு தாள் எழுதிக் கையெழுத்தும் வைத்து இதனுடன் அனுப்புகிறேன். ஸாராவிடம் கொடுத்து இங்கிலீசில் மாற்றச் சொல். ஒரு சொல்லையும் அழகாக்க வேண்டாம் என்று சொல். பழத்தை வைத்திருக்கட்டும், திருப்பி அனுப்பட்டும், அது அவர்கள் விருப்பம்.

எல்லோருக்கும் துஆ.

ராத்தா ஸெய்னம்பு


மியூசியத்துக்கு,

என் பெயர் மீராசாஹிபு ஸெய்னம்பு. இலங்கை, காத்தான்குடி. 2006ஆம் ஆண்டு லெபனானில் சூர் பட்டினத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். என்னுடன் வேலை செய்தவள் மட்டக்களப்பு தாண்டவன்வெளி றெஜினா. அந்த வீட்டுக் கண்ணாடிகளைச் சண்டைக் காலத்தில் நாங்கள் இருவரும் பாதுகாத்தோம். அவள் அங்கே மவுத்தானாள்.

உங்களிடம் உள்ள கண்ணாடிப் பேரீச்சம்பழத்தை நான் வாங்கவில்லை, எடுக்கவில்லை. அது அன்பளிப்பும் அல்ல. என்னை ஊருக்கு அனுப்பிய காலையில், காரில் ஏற முதல், றெஜினாவை எங்கே அடக்கினார்கள் என்று வீட்டு மடத்திடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரபியில் இரண்டு தரம் கேட்டேன். அவ உள்ளே போய் வந்து, என் கையை விரித்து இதை வைத்து, விரல்களை மூடிவிட்டா. டிரைவர் காரை எடுத்தார்.

றெஜினாவின் தாய் மரியம்மா இன்னும் இருக்கிறா. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். எங்கே என்று கேட்பா. தெரியாது என்று சொல்வேன்.

நீங்கள் இந்தப் பழத்துக்காக லெபனானுக்கு எழுதும்போது, அவளை எங்கே அடக்கியிருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மீ. ஸெய்னம்பு